சங்கைக்குரியோர் யார்? ‘அஷ்ராப்’ என்னும் சொல்லின் வரலாறு

குர்ஆன் ஷரீப் என்கிறோம். மக்கா ஷரீப், மதீனா ஷரீப் என்கிறோம். ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டுவிட்டால் மவ்லிது ஷரீப் ஓதுகிறோம். ஆண் குழந்தைக்கு முஹம்மது ஷரீப் என்றும், பெண் குழந்தைக்கு ஷரீபா என்றும் பெயர் சூட்டி மகிழ்கிறோம். இச்சொல்லைத் தமிழில் ‘சங்கையான’, ‘சங்கை பொருந்திய’ என்று நம் பெரியோர் பெயர்த்துச் சொல்லி வந்தனர். நம் இல்லங்களில் இது ஒலிக்காத நாள் இல்லை எனலாம்.

இதே சொல்லின் பன்மை வடிவம் ‘அஷ்ராப்’ என்பதாகும். ஒருமையில் திருமறைக்கும் புனித நகருக்கும் அடைமொழியாய் நிற்கும் சொல், பன்மையில் மனிதர்மீது வந்து அமரும்போது வேறொரு கோலம் கொள்கிறது. வட இந்திய முஸ்லிம்களிடையே ஒருவரை அஷ்ராப் என்றால் அவர் மேற்குடிப் பிறந்தவர் என்று பொருள். மற்றவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்னும் பொருளும் அதற்குள் மறைந்து நிற்கிறது. பாராட்டாகப் பிறந்த சொல் வேலியாக மாறிய கதையைச் சிறிது விரிவாகவே காண்போம். ஒரு சொல்லின் கதைதானே என்று இதனைத் தள்ளிவிட இயலாது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், கல்வி பெறுவதும், கபர்ஸ்தானில் இடம் பெறுவதும்கூட இச்சொல்லைச் சார்ந்து நின்ற காலங்கள் உண்டு.

மேட்டில் பிறந்த சொல்

அரபு மொழியில் ‘ஷரப்’ என்பதற்கு உயரம், உயர்ந்த இடம் என்பவையே அடிப்படைப் பொருள்கள். மேட்டின்மீது நின்று கீழே நோக்குவதைக் குறிக்கும் வினைச்சொல்லும் இதே வேரினின்று கிளைத்ததுதான். நிலத்தின் உயரத்தைச் சொன்ன சொல் பின்னர் மனிதரின் உயரத்தைச் சொல்லலாயிற்று. தமிழிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. ‘மேடு’ என்னும் சொல்லிலிருந்து ‘மேட்டுக்குடி’ வந்தது. ‘மேல்’ என்பதிலிருந்து ‘மேன்மக்கள்’ வந்தது. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகள், செல்வமும் செல்வாக்கும் உடையோரைக் குறிக்க உயரத்தையே உவமையாகக் கொண்டன.

இங்கே ஓர் ஐயத்தையும் நீக்கிவிடுதல் நன்று. சென்னை நகரில் முன்னாளில் இருந்த ‘ஷெரீப்’ பதவிக்கும் இச்சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது மாவட்டத்து அதிகாரி எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். ஒலியால் மட்டும் ஒத்தது.

இஸ்லாத்திற்கு முந்திய அரபு நாட்டில் ‘ஷரீப்’ என்றால் குலத்தலைவர். அவருக்கு இரண்டு உடைமைகள் வேண்டும் என்று அக்கால அரபியர் கருதினர். ஒன்று ‘நஸப்’, அதாவது வமிசம். மற்றொன்று ‘ஹஸப்’, அதாவது முன்னோரும் தாமும் செய்த அருஞ்செயல்களால் ஈட்டிய பெருமை. விருந்தோம்பாத தலைவனையும் போரில் புறங்காட்டிய தலைவனையும் வமிசம் மட்டும் காப்பாற்றிவிடாது. எனவே தொடக்கத்தில் இச்சொல்லில் பிறப்பும் செயலும் கலந்தே இருந்தன.

திருமறையில் இல்லாத சொல்

நம்மில் பலர் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. ‘குர்ஆன் ஷரீப்’ என்று நாம் சொல்கிறோமே, அத்திருமறைக்குள் ‘ஷரீப்’ என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. மனிதருள் சங்கைக்குரியவர் யார் என்று கூறும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், ‘அக்ரம்’ என்னும் வேறொரு சொல்லையே ஆளுகிறது. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கென்றே அமைந்தவை என்றும், இறையச்சம் மிக்கவரே அல்லாஹ்விடம் சங்கை மிக்கவர் என்றும் அவ்வசனம் அறுதியிட்டுக் கூறுகிறது.

ஆனால் ‘ஷரீப்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாகப் பிற்காலத்தில் வழங்கிய ‘அர்ஸால்’, அதாவது இழிந்தோர் என்னும் சொல்லின் வேர் திருமறையில் உண்டு. அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதே நாம் கருத வேண்டியது. நூஹ் (அலை) அவர்களை ஏற்க மறுத்த அவர்களுடைய சமூகத்துப் பிரமுகர்கள், எங்களில் இழிந்தவர்கள்தாமே உம்மைப் பின்பற்றுகின்றனர் என்று ஏளனம் செய்ததாக ஹூத் அத்தியாயமும் ஷுஅரா அத்தியாயமும் கூறுகின்றன. மனிதரை இழிந்தோர் என்று வகைப்படுத்திய குரல், சத்தியத்தை மறுத்தவர்களின் குரலாகவே அங்கே ஒலிக்கிறது.

ஹதீஸ்களில் ‘ஷரீப்’ என்னும் சொல் வருகிறது. அதுவும் மறக்கவொண்ணாத ஓர் இடத்தில் வருகிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றியின்போது, மக்ஸூம் குலத்துப் பெண்ணொருத்தி களவு செய்து அகப்பட்டாள். மக்ஸூம் என்பது குறைஷியருள் மிக உயர்ந்த குலங்களில் ஒன்று. குலத்தார் கலங்கினர். நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துபேச அனுப்பினர். பெருமானார் அவர்களின் திருமுகம் மாறிற்று. முன்னிருந்த சமுதாயத்தார் அழிந்ததற்குக் காரணத்தை அன்று எடுத்துரைத்தார்கள். தம்முள் ஷரீபானவர் திருடினால் விட்டுவிடுவதும், பலவீனர் திருடினால் தண்டிப்பதுமே அவர்களை அழித்தது என்றார்கள். தம் அருமை மகளார் பாத்திமாவே ஆயினும் சட்டம் ஒன்றுதான் என்றும் ஆணையிட்டுக் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி இது.

இங்கே ‘ஷரீப்’ என்பதற்கு எதிராக நிற்கும் சொல் ‘பலவீனர்’ என்பது. நற்குணமுடையவருக்கு எதிர்ச்சொல் தீயவர். செல்வருக்கு எதிர்ச்சொல் ஏழை. சட்டம் தீண்டாத செல்வாக்கு உடையவருக்கு எதிர்ச்சொல்லோ பலவீனர்தான். சலுகை என்றால் என்ன என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. எனவே இந்த அளவுகோலைக் கையில் ஏந்தியே பிற்கால வரலாற்றுள் நுழைவோம்.

பேரேட்டில் ஏறிய பெருமை

அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்த கி.பி. 632 முதல் 634 வரையிலான காலத்தில், பைத்துல்மாலுக்கு வந்த பொருளை மக்களிடையே சமமாகப் பங்கிட்டார்கள். மார்க்கத்திற்காக முதலில் உழைத்தோருக்கு மிகுதியாகக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டபோது, அவ்வுழைப்பின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, இதுவோ வாழ்வதற்கான பொருள், இதில் சமத்துவமே சிறந்தது என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார்கள். இச்செய்தியை இமாம் அபூயூசுப் அவர்கள் தம் ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில் குறித்துள்ளார்கள்.

அடுத்து வந்த உமர் (ரலி) அவர்கள் வேறு முறையை மேற்கொண்டார்கள். நபியவர்களோடு நின்று போரிட்டவரையும் நபியவர்களை எதிர்த்துப் போரிட்டவரையும் ஒன்றாக வைக்க அவர்களுடைய மனம் இசையவில்லை. ஹிஜ்ரி 20ஐ ஒட்டி (கி.பி. 641) ‘தீவான்’ என்னும் பேரேடு திறக்கப்பட்டது. பத்ருப் போரில் கலந்தோருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். பின்னர் வந்தோருக்குப் படிப்படியாகக் குறைந்த தொகை. பிறப்பால் வந்த பெருமையை விலக்கித் தொண்டால் வந்த முந்துரிமையை வைத்த ஏற்பாடு அது. அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவரும் பத்ரில் நின்றிருந்தால், பின்னர் இஸ்லாத்தில் சேர்ந்த குறைஷிப் பிரபுவைவிட மிகுதியாகப் பெற்றார்.

ஆயினும் தொண்டு செய்தவர் மறைந்த பின்னும் பேரேடு மறையவில்லை. உயர்ந்த தொகை பெறுவோரின் வரிசைக்கு ‘ஷரபுல் அதா’, அதாவது கொடையின் சங்கை என்றே பெயர் வழங்கலாயிற்று. சங்கை என்னும் சொல் தொகையொன்றின் பெயரானது அப்போதுதான். தாம் உயிரோடு இருப்பின் எல்லாருக்கும் சமமாக்கிவிட விரும்புவதாக உமர் (ரலி) அவர்கள் தம் இறுதிக் காலத்தில் கூறியதாகவும் அபூயூசுப் அவர்கள் குறிக்கிறார்கள். அதற்குள் கி.பி. 644இல் அவர்கள் ஷஹீதாகிவிட்டார்கள்.

ஒரு தலைமுறை கழிந்தது. கூபா நகரில் குலத்தலைவர்களே ‘அஷ்ராப்’ எனப்பட்டனர். ஆளுநருக்கும் குலத்தாருக்கும் இடையே நின்றவர்கள் அவர்களே. கி.பி. 685இல் அந்நகரைக் கைப்பற்றிய முக்தார் என்பவர், அரபியர் அல்லாத புதிய முஸ்லிம்களான ‘மவாலி’களுக்கும் வருவாயில் பங்கு கொடுத்தார். கூபாவின் அஷ்ராப் கொதித்தெழுந்து கிளர்ச்சி செய்தனர். முக்தாரின் அரசியலைப்பற்றி எவரும் எக்கருத்தும் கொள்ளலாம். ஆனால் தம் பங்கு குறைந்தது என்பதைவிட, நேற்றுவரை தம்மிடம் ஏவல் செய்தோர் தம்மோடு ஒரே பேரேட்டில் ஏறிவிட்டனரே என்பதுதான் அத்தலைவர்களை மிகுதியாகச் சுட்டது.

பச்சைத் துணியும் பொற்காசும்

கி.பி. 750இல் தொடங்கிய அப்பாஸியர் ஆட்சியில் இச்சொல் மெல்லக் குறுகி, நபியவர்களின் குடும்பத்தாரையே சிறப்பாகக் குறிக்கலாயிற்று. அஹ்லுல் பைத்தினர்மீது முஸ்லிம்கள் வைக்கும் அன்பு ஈமானோடு கலந்தது. அதில் இரு கருத்து இல்லை. நாம் ஆராய்வது, அவ்வன்பைச் சுற்றி அரசுகள் எழுப்பிய பதவிகளையும் சலுகைகளையுமே.

‘நகீபுல் அஷ்ராப்’ என்னும் பதவி ஏற்பட்டது. கி.பி. 1058இல் மறைந்த இமாம் மாவர்தி அவர்கள், ஆட்சிமுறை பற்றிய தம் நூலில் நகீபின் கடமைகளை வரிசைப்படுத்துகிறார்கள். பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்தல், பொய்யாக வமிசம் கொண்டாடுவோரை விலக்குதல், தகுதியற்ற தொழில்களில் ஈடுபடாமல் தடுத்தல் ஆகியவை அவற்றுள் சில. அவற்றோடு மற்றொன்றும் உண்டு. தம் வமிசத்தைக் காட்டிப் பொதுமக்களிடம் அஷ்ராப் செருக்கோடு நடந்துகொள்ளாமல் தடுப்பதும் நகீபின் கடமையே. செருக்கு தலைதூக்கியிராவிட்டால் இத்தகைய விதி எழுதப்பட்டிருக்குமா என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஹிஜ்ரி 773இல் (கி.பி. 1371-72) எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் ஷஃபான், நபி வமிசத்தார் தலைப்பாகையில் பச்சை அடையாளம் அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். பின்னர் உஸ்மானியர் ஆட்சியில் பச்சைத் தலைப்பாகையே அடையாளமாயிற்று. உஸ்மானியர் நாட்டில் சில வரிகளிலிருந்து அஷ்ராபுக்கு விலக்கும் இருந்தது. விளைவு யாதெனில், பச்சைத் தலைப்பாகை அணிந்தோரின் தொகை பெருகிக்கொண்டே சென்றது. பொய்யாக அணிந்தோரைக் கண்டுபிடித்து அகற்றுவது நகீப்களுக்கு ஓயாத வேலையாகிவிட்டது. வரிவிலக்கு உள்ள இடத்தை நோக்கி வமிசாவளிகள் நகரும் என்பது அதிகாரிகள் கண்ட உண்மை.

இச்சொல் தங்கமாகவே மாறிய கதையும் உண்டு. ‘அல்அஷ்ரப்’ என்னும் பட்டம் தாங்கிய மம்லூக் சுல்தான் பர்ஸ்பாய், 1425இல் ஏறத்தாழ மூன்றரை கிராம் எடையுள்ள பொற்காசு ஒன்றை வெளியிட்டார். வெனிஸ் நகரத்துப் பொற்காசுக்குப் போட்டியாக வந்த அக்காசுக்கு அவர் பட்டத்தைக் கொண்டே ‘அஷ்ரபி’ எனப் பெயர் வழங்கிற்று. அப்பெயர் பாரசீகம் சென்று இந்தியாவுக்கும் வந்தது. முகலாயரின் பொன் மொஹரையும் மக்கள் அஷ்ரபி என்றனர். உயர்ந்த மனிதருக்கும் பொற்காசுக்கும் ஒரே சொல் வழங்கியது தற்செயலே எனினும், பொருந்தாத தற்செயல் அன்று.

அதே நூற்றாண்டுகளில் எதிர்க்குரலும் எழாமல் இல்லை. 1377இல் தம் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், குடும்பப் பெருமை நான்கு தலைமுறைக்கு மேல் நிலைப்பது அரிது என்று வாதிட்டார். பெருமையை உழைத்துக் கட்டியவர் முதலாமவர். அவரை அருகிருந்து கண்டு கற்றவர் மகன். கண்டதைப் பின்பற்றுவதோடு நிற்பவர் பேரன். அது தம் பிறப்போடு வந்தது என மயங்கி இழப்பவர் நான்காமவர். மேட்டில் பிறந்தவர் அம்மேட்டைத் தாமே எழுப்பியதாக எண்ணும் மயக்கத்தை இவ்வளவு கூர்மையாகக் கண்டவர் சிலரே.

இந்திய மண்ணில்

இப்னு கல்தூனுக்குச் சற்று முன்னர், தில்லியில் ஸியாவுத்தீன் பரனி என்னும் வரலாற்றாசிரியர் வாழ்ந்தார். முஹம்மது பின் துக்ளக் (1325–1351) தாழ்ந்த குடியினர் எனப்பட்டோரை உயர் பதவிகளில் அமர்த்தியது அவருக்குப் பெருஞ்சினத்தை மூட்டிற்று. தோட்டக்காரரும் மது வடிப்பவரும் ஆளுநராவதா என்று பொருமினார். தம் ‘பத்தாவாயே ஜஹான்தாரி’ என்னும் நூலில், தாழ்ந்தோருக்குத் தொழுகை, நோன்பு முதலிய விதிகளுக்கு அப்பால் எதுவும் கற்பிக்கலாகாது என்று எழுதினார். அறிவைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வெழுத்து வியப்பையும் வேதனையையும் ஒருங்கே தருகிறது. பரனியின் இறுதிக் காலம் அரசவையின் ஆதரவிழந்து வறுமையில் கழிந்தது. அவர் போற்றிய மேற்குடிப் பிறப்பு அவருக்கே சோறிடவில்லை.

முகலாயர் காலத்தில் ஸையிதுகளுக்கும் ஷைகுகளுக்கும் ஆலிம்களுக்கும் ‘மததே மஆஷ்’ என்னும் வரியில்லா நிலங்கள் வழங்கப்பட்டன. நம் ஊர்களில் இனாம் என்றும் மானியம் என்றும் சொல்வோமே, அவ்வகையைச் சார்ந்தது இது. 1690இல் ஔரங்கசீப் அந்நிலங்களை மரபுரிமையாக்கினார். கல்விக்கும் தேவைக்கும் கொடுத்த நிலம் பிறப்புரிமையாயிற்று.

வட இந்தியாவில் அரபு, பாரசீக, மத்திய ஆசிய வழிவந்தோர் எனப்பட்ட ஸையித், ஷைக், முகல், பட்டான் ஆகிய நான்கு பிரிவினர் அஷ்ராப் ஆயினர். இம்மண்ணிலேயே பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய நெசவாளரும் தையற்காரரும் பஞ்சு கொட்டுவோரும் உழவரும் ‘அஜ்லாப்’, அதாவது முரடர் எனப்பட்டனர். துப்புரவுத் தொழிலாளர் முதலியோர் ‘அர்ஸால்’ ஆயினர். 1901ஆம் ஆண்டு வங்காளக் குடிக்கணக்கு அறிக்கை இம்மூன்று அடுக்குகளையும் அச்சில் ஏற்றியது. மூன்றாம் அடுக்கினர் பள்ளிவாசலுக்குள்ளும் பொதுக் கபர்ஸ்தானிலும் விலக்கப்பட்டனர் என்றும் அது குறித்தது. நூஹ் நபியின் காலத்துப் பிரமுகர்களின் சொல், கலிமாச் சொன்னவர்களின் வாயிலேயே மீண்டும் பிறந்த கொடுமையை என்னென்பது!

ஆட்சியாளர் ஏட்டில் எழுதிய பின்னர் மக்கள் வாளாவிருப்பரா? அக்காலத்து வட இந்தியப் பழமொழி ஒன்று, கசாப்புக்காரராய் இருந்தவர் ஷைக் ஆனதையும், விலைவாசி ஒத்துழைத்தால் அடுத்து ஸையித் ஆகிவிடுவார் என்பதையும் எள்ளலோடு சொல்கிறது. உஸ்மானியர் நாட்டில் பச்சைத் தலைப்பாகைகள் பெருகியதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

படியேறியவர்களும் படிகளும்

இழிவுபடுத்தப்பட்டோர் தமக்கு வேறு பெயர்களையும் சூடிக்கொண்டனர். ‘ஜுலாஹா’ என்று ஏசப்பட்ட நெசவாளர் ‘மோமின்’ என்றும் ‘அன்சாரி’ என்றும் தம்மை அழைத்துக்கொண்டனர். இறைச்சித் தொழிலினர் ‘குறைஷி’ ஆயினர். பஞ்சு கொட்டுவோர் ‘மன்சூரி’ ஆயினர். தையற்காரர் ‘இத்ரீஸி’ ஆயினர். பெயரை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. 1920களில் உருவான மோமின் மாநாட்டு இயக்கம், பீகாரின் அப்துல் கையூம் அன்சாரி (1905–1973) போன்றோரின் தலைமையில் நெசவாளரின் உரிமைக்கும் நாட்டு விடுதலைக்கும் ஒருசேரக் குரல் கொடுத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், கடல் கடந்த ஜாவாவிலும் இக்கேள்வி எழுந்தது. ஸூடான் நாட்டிலிருந்து 1911இல் பத்தேவியாவுக்கு ஆசிரியராக வந்தவர் ஷைகு அஹ்மத் ஸுர்கத்தி. ஹழரமவ்த் வழிவந்த ஸையித் குடும்பத்துப் பெண்ணை ஸையித் அல்லாத முஸ்லிம் மணக்கலாமா என்று அவரிடம் வினவினர். மார்க்கத்தில் தடையில்லை என்று அவர் தெளிவாகக் கூறினார். அவரை வரவழைத்த கல்விச் சங்கத்திலேயே பூசல் மூண்டது. அவர் விலகினார். 1914இல் ‘அல்இர்ஷாத்’ என்னும் இயக்கமும் அதன் பள்ளிகளும் பிறந்தன. ஒரு திருமணக் கேள்வி ஒரு கல்வி இயக்கத்தையே ஈன்றது.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சி பின்னரும் தொடர்ந்தது. 1960இல் கவுஸ் அன்சாரி உத்தரப் பிரதேச முஸ்லிம்களின் சாதிமுறைபற்றி நூல் எழுதினார். 1966இல் இம்தியாஸ் அஹ்மத், அஷ்ராப்–அஜ்லாப் என்னும் இரட்டைப் பிரிவு உண்மை நிலையை முழுதும் விளக்கப் போதுமானதன்று என்று மறுத்து எழுதினார். 1998இல் பீகாரில் தோன்றிய இயக்கம் ஒன்று ‘பஸ்மாந்தா’, அதாவது பின்னே விடப்பட்டோர் என்னும் பாரசீகச் சொல்லைத் தன் பெயராக்கிக்கொண்டது. 2006இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழு அறிக்கையும் அஷ்ராப், அஜ்லாப், அர்ஸால் என்னும் சொற்களைக் குறிப்பிட்டே பிற்பட்ட முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்தது.

பெயர் மாற்றத்தின் நியாயத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குறைஷி என்றும் அன்சாரி என்றும் பெயர் சூடி ஒருவர் மேலே ஏறும்போது, ஏணி அங்கேயே நிற்கிறது. அடுத்த படியில் வேறொருவர் நிற்கிறார். ‘பஸ்மாந்தா’ என்று சொல்லிக்கொண்டவர்களோ ஏணியில் ஏறும் பெயரைத் தேடவில்லை; ஏணி இருக்கிறது என்று சுட்டிக்காட்டும் பெயரைத் தேர்ந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது.

நம் வாசலில்

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இச்சொல்லைப் பெரிதும் வழங்கியதில்லை. ஆர்க்காட்டு நவாபுகளின் உருது பேசும் அரசவை வட்டத்தில் அது இருந்தது. கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டுச் சந்தைகளிலும் நம்மிடம் இருந்தவை மரைக்காயர், இராவுத்தர், லெப்பை, காயலர் என்னும் பெயர்களே. 1960களின் பிற்பகுதியில் பல்லாவரத்து முஸ்லிம் வணிகரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மாட்டிசன் மைன்ஸ், வட இந்தியாவின் அஷ்ராப்–அஜ்லாப் அடுக்குமுறையைத் தமிழ் முஸ்லிம்களிடையே காணவில்லை. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரைச் சீதக்காதியைத் தமிழ் நினைவில் வைத்திருப்பது எவ்வாறு? அவர் வமிசத்தைச் சொல்லியன்று. ‘வள்ளல்’ என்று, கொடையைச் சொல்லி. நஸபை விட்டு ஹஸபைப் பற்றிக்கொண்ட நம் மண்ணின் மரபு நாம் மகிழ்தற்குரியது.

2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியது. அப்பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன. அன்சார், தக்கணி முஸ்லிம், துதேகுலா, இராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை ஆகியவற்றோடு ஷேக்கும் சையதும் அதில் இடம்பெற்றுள்ளன. வடக்கே அஷ்ராப் என்னும் பெயரின் உச்சியில் வைக்கப்பட்ட இரு பெயர்கள், தெற்கே பிற்பட்டோர் பட்டியலில் மற்றவரோடு தோளோடு தோள் நிற்கின்றன. மேடும் பள்ளமும் நிலத்தில் இல்லை, நிற்பவர் வகுத்த எல்லையில்தான் இருக்கின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் சொல் இல்லை என்பதால் பொருளும் இல்லை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பெண் கேட்டு வருவோரிடம், ‘எந்தக் குடும்பம்? எந்தத் தெரு? பெரிய வீட்டாரா?’ என்று கேட்கிறோம். ஒரே ஸப்பில் தோளோடு தோள் சேர்த்துத் தொழுகிறோம்; ஸலாம் கொடுத்தபின் சம்பந்தம் பேசும்போது விலகிக்கொள்கிறோம். நாவிதத் தொழில் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை படித்துப் பட்டம் பெற்று வந்தாலும், ஊரில் அவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவோர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்க்கச் சட்டத்தில் ‘குபு’ என்னும் பொருத்தம் பார்க்க இடமுண்டே என்று கேட்போர் உண்டு. உண்டுதான். ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகள் வமிசத்தையும் அதில் கருதின. இமாம் மாலிக் அவர்கள் மார்க்கப்பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள். ஆயினும் வமிசப் பொருத்தம் மணப்பெண்ணையும் அவள் வலீயையும் காக்க அமைந்த உரிமை. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் நிக்காஹ் செல்லும். குறைஷித் தலைவர் உத்பாவின் பேத்தியை, அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற ஸாலிம் (ரலி) அவர்களுக்கு மணமுடித்து வைத்தவர் அப்பெண்ணின் சிறிய தந்தை அபூஹுதைபா (ரலி) அவர்கள். இதனைப் பதிவு செய்துள்ள இமாம் புகாரி அவர்கள், மார்க்கத்தில் பொருத்தம் என்னும் தலைப்பின்கீழ்தான் வைத்திருக்கிறார்கள்.

இனிக் குர்ஆன் ஷரீப் என்று சொல்லும்போதும், குழந்தைக்கு ஷரீப் என்றோ ஷரீபா என்றோ பெயர் சூட்டும்போதும், மக்ஸூம் குலத்துப் பெண்ணுக்காகப் பரிந்துபேச வந்த அந்நாளை ஒருகணம் நினைத்துக்கொள்வோம். அன்று ‘ஷரீப்’ என்னும் சொல்லின் எதிரே ‘பலவீனர்’ என்னும் சொல்லை வைத்தவர்கள் நம் நபியவர்கள். அவ்விருவருக்கும் ஒரே நீதி, ஒரே ஸப், ஒரே கபர்ஸ்தான், ஒரே பந்தி என்று நம் ஊரில் நாம் ஆக்கிக்காட்டும் நாளில்தான், முன்னோர் நமக்குப் பெயர்த்துத் தந்த ‘சங்கை’ என்னும் சொல்லுக்கு நாம் உரியவர்கள் ஆவோம்.